கட்டியவள் அவிழ்க்க வேண்டிய துணி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேசையின் மூன்றாவது இழுப்பறையிலிருந்து வந்தது. அங்கே மை தீர்ந்த பேனாக்களுக்கும் தேதி முடிந்த தலைவலி மாத்திரைகளுக்கும் அடியில் ஒரு சிவப்புத் துணி கிடக்கிறது. யாருடைய பழைய பாவாடையிலிருந்தோ நீளமாகக் கிழித்தது. வெயிலில் கிடந்து வெளுத்துப்போன துணி. முடிச்சு விழுந்திருந்த இடத்தில் மட்டும் பழைய சிவப்பு அப்படியே இருக்கிறது.

இரண்டு வருடமாக, ஒரே ஒரு தடவை தவிர, நான் அந்த இழுப்பறையைத் திறந்ததில்லை. தலைவலி வந்தால் கடைக்குப் போய்ப் புதிதாக மாத்திரை வாங்கிக்கொள்கிறேன். ஒரு கந்தல் துணி ஒரு மனுஷனை இந்தப் பாடு படுத்துமானால், அதைப் பற்றி ஒரு கதையாவது எழுதித் தொலைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கதையில் மூன்று பேர். ஓர் அக்கா, ஒரு தங்கை, அவர்களுக்கு ஒரு தம்பி. அக்கா மரங்களைப் பார்த்துக்கொள்கிறாள், அதனால் அவளுக்கு மரக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். தங்கை ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் ஆட்டுக்காரி. தம்பி ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்பிப் போகிறவன். அவனுக்குப் பெரிதாகப் பெயரெல்லாம் வேண்டாம், வந்துபோனவன் என்று இருக்கட்டும். அவனைப் பற்றி இப்போதைக்கு என்னிடம் அதிகம் கேட்காதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"முப்பத்திரண்டு கொய்யா மரங்களுக்கும் ஏழு ஆடுகளுக்கும் நடுவே, ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பெண்கள் வாழ்ந்துவந்தார்கள்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையில்லை. அவர்கள் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள். எதிரெதிர் கோடியில் நின்றுகொண்டு, ஒருத்தி மரத்தின் மேலிருந்தும் இன்னொருத்தி கொட்டகைக்குள்ளிருந்தும், காலையில் ஆரம்பித்தால் சாப்பாட்டுக்குத்தான் நிறுத்துவார்கள். சேர்ந்திருந்தவரை பேசாமல் இருந்தது அந்த ஒரு வாரம் மட்டும்தான். அந்த ஒரு வாரத்துக்காக இருபது வருடப் பேச்சை அழிப்பது அநியாயம்.

இரண்டாவது முயற்சி:

"மதியம் இரண்டு மணிக்கு முதல் ஆடு முன்னங்காலை மடக்கி"

இதை இங்கேயே நிறுத்துகிறேன். எடுத்த எடுப்பில் சாவைக் காட்டி உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்கிற வேலை இது. நீங்களும் வருவீர்கள். வந்தபிறகு என்னை மதிக்க மாட்டீர்கள்.

மூன்றாவது முயற்சியைத் தொடக்கம் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் வேலை எப்படி நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன். தப்பு எங்கே நடந்தது என்று புரிய அது போதும்.

3

வீடு ரோட்டை ஒட்டி இருக்கிறது. பின்பக்கம் தோட்டம். மேல்பாதியில் பதினாறு மரம், கீழ்ப்பாதியில் பதினாறு. கீழ்ப்பாதியைச் சுற்றிக் கம்பிவேலி, அதற்கு ஓர் இரும்பு கேட். மரங்களுக்கடியில் புல் நன்றாக வளரும் என்பதால் ஆடுகளை அங்கேதான் மேய விடுவார்கள். ஆடுகள் புல்லையும் உதிர்ந்த இலையையும் தின்றுவிட்டு எருவைப் போடும். மரம் எருவைத் தின்றுவிட்டுக் காய்க்கும். இவ்வளவுதான் அந்த வீட்டின் பிழைப்பு.

மரக்காரி புருஷன் செத்தபிறகு திரும்பி வந்தவள். ஐம்பதைத் தாண்டியவள். காய் எலுமிச்சை அளவு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை மாட்டி நூல் கட்டுவாள், ஈ வந்து முட்டை வைக்காமலிருக்க. ஒரு மரத்துக்கு இருநூறு பை. அவள் பேச்சில் பாதி மரத்தோடு, மீதி மனிதரோடு. எந்தப் பாதி யாருக்கு என்று நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டுக்காரி கல்யாணமே வேண்டாம் என்று நின்றுவிட்டவள். "ஏழு பேருக்குக் கஞ்சி ஊத்துறேன், எட்டாவதா ஒருத்தன் எதுக்கு?" என்பாள். ஆடுகளுக்குப் பல் வலி வந்தால் அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால், "மூஞ்சியப் பாத்தா தெரியாதா?" என்று நம் மூஞ்சியைப் பார்ப்பாள். ஆட்டுப்பாலும் வீட்டுக் கோழிகளின் முட்டையும்தான் அவளுடைய சொந்தக் காசு. அக்காவை அண்டித்தான் இருக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடாதபடி அவளை நிமிர்த்தி வைத்திருந்தவை அந்த ஏழு ஆடுகள்தான். இன்னொன்று, அவள் நிறையப் படிக்கிறவள்.*

இனி துணி. மரக்காரி பூச்சிக்கு மருந்து அடித்தால், அடித்து முடித்த கையோடு கீழ்க் கேட்டில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவாள். பத்து நாளைக்கு ஆடு உள்ளே போகக்கூடாது, புல் அறுக்கக்கூடாது, உதிர்ந்த காயைப் பொறுக்கக்கூடாது. அவர்களுடைய அப்பா காலத்து ஏற்பாடு. இதில் இரண்டே சட்டம். கேட்டில் துணி இருந்தால் கேள்வி கேட்காமல் திரும்பிவிட வேண்டும். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும், வேறு கை படக்கூடாது. இந்த ஏற்பாட்டால் ஒரு வசதி, யாரும் யாரிடமும் எதையும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. அதுவே அவர்களுக்கு வினையாக வந்தது.

* ஆனால் எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பாள். ஏன் இப்படி என்று கேட்டால், "யாரு சாகுறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் நிம்மதியா படிக்கலாம்ல?" என்பாள். இந்தக் குறிப்பு பின்னால் தேவைப்படும்.

4

சண்டை ஒன்றும் பெரிதில்லை. அதற்கு முந்தைய மாதம் மருந்து அடித்துத் துணி கட்டியபோது, பத்து நாள் முடிந்தும் மரக்காரி அவிழ்க்க மறந்துவிட்டாள். ஆட்டுக்காரி பதினாலு நாள் வாய்க்கால் கரையில் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"உனக்கு மரம்னா உசுரு. ஆளு இடுப்பு ஒடிஞ்சா உனக்கென்ன?"

"மறந்துட்டேன்டி. வாய் இருக்குல்ல, கேக்க வேண்டியதுதானே?"

"ஏன் கேக்கணும்? கட்டினவளுக்கு அவுக்கத் தெரியாதா? இனிமே ஒரு நாள் ஜாஸ்தி ஆனாலும் நானே அவுத்து எறிஞ்சிருவேன், பாத்துக்கோ."

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மரக்காரி வைத்துக்கொண்டாள்.

அதோடு பேச்சு நின்றது. அந்த வாரம்தான் வந்துபோனவன் வந்தான், ஒரு சாயங்காலம், மோட்டார் சைக்கிளில். டவுனில் எழுதிப் பிழைக்கிறவன். இரண்டு அக்காக்களும் போட்டி போட்டுக்கொண்டு அவனுக்குப் பரிமாறினார்கள், அவன் வழியாகவே ஒருத்திக்கொருத்தி சேதி அனுப்பினார்கள். "உங்கக்காகிட்ட சொல்லு, முட்டைக் கூடை வேணும்னா எடுத்துக்கலாம்னு." "உங்கக்காகிட்ட சொல்லு, ஏற்கெனவே எடுத்தாச்சுன்னு." மூவரும் ஒரே விளக்கடியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான், டவுனுக்குப் போய் இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஆட்டுக்காரி முட்டைக் கூடையோடு முதல் பஸ்ஸில் சந்தைக்குப் போய்விட்டாள். காற்று அசையாமல் இருந்ததால் மரக்காரி டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கீழ்ப்பாதி முழுக்க மருந்து அடித்தாள். துணியைக் கட்டினாள். குளித்தாள். தம்பிக்காக மேல்பாதியில் மருந்து படாத மரங்களில் ஒரு கூடைக் கொய்யா பறித்தாள். ஒன்பது மணிக்கு அவன் கிளம்பினான். அவள் பைகளை எடுத்துக்கொண்டு மேல்பாதிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து கீழ்க் கேட் தெரியாது, எலுமிச்சை வேலி மறைத்துவிடும்.

பத்தரை மணிக்கு ஆட்டுக்காரி திரும்பி வந்தாள். கீழ்க் கேட்டைப் பார்த்தாள். துணி இல்லை.

மருந்து வாடை கொஞ்சம் இருந்தது. ஆனால் டேங்கைக் கழுவும் இடம் அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில்தான், அங்கே எப்போதுமே அந்த வாடை உண்டு. அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பேச்சுவார்த்தை இல்லையே. துணி இல்லாதபோது கேட்பானேன் என்றும் இருந்திருக்கும். கால் பிசகிக் கட்டுப் போட்டிருந்த குட்டி ஒன்றை மட்டும் வீட்டு வாசலில் கட்டிவிட்டு, மற்ற ஆறையும் உள்ளே விட்டாள். அவை ராத்திரி முழுக்கப் பட்டியில் கிடந்தவை. முண்டியடித்துக்கொண்டு போயின. நிறைசினையாக இருந்த பெரிய ஆடு மட்டும் வயிறு இடிக்காமல் மெதுவாகக் கேட்டைத் தாண்டியது. "உனக்கென்னடி மகாராணி, மெதுவாவே போ" என்று அவள் அதன் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

5

(இந்தப் பகுதியை மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்தேன். இது நான்காவது. சுருக்கமாகச் சொல்லப் போகிறேன்.)

ஒரு மணிக்கு வாயில் நுரை வந்தது. கால்கள் நடுங்கின. இரண்டு மணிக்கு முதல் ஆடு சாய்ந்தது. ஆட்டுக்காரி போட்ட சத்தத்தில் மரக்காரி மரத்திலிருந்து குதித்து ஓடிவந்தாள். கேட்டுக்குள் ஆடுகளைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "துணியை எதுக்குடி அவுத்த?" என்பதுதான்.

"துணியா? எந்தத் துணி? நீ எங்க கட்டின?"

"ரெண்டு முடிச்சு போட்டேன்டி. இந்தக் கையாலதான் போட்டேன்."

"அப்போ எங்க? காத்து தின்னுடுச்சா?"

மாட்டு டாக்டர் மூன்றரைக்கு வந்தார். மருந்து டப்பாவை வாங்கிப் பார்த்தார். ஊசி போட்டார். அதற்குள் நான்கு போயிருந்தன. ஐந்தாவதும் அவர் கையிலேயே போனது. மகாராணி மட்டும் எழுந்து நிற்க மூன்று தடவை முயற்சி செய்தது. வயிற்றில் இருந்ததும் அதோடு போயிற்று.

காரணம் எழுத வேண்டும், ஒன்றை அறுத்துப் பார்க்கிறேன் என்றார் டாக்டர். அறுத்தார். ஆட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"சார், இரைப்பைக்குள்ள துணி ஏதாவது இருக்கான்னு பாருங்க."

"துணியா? என்னம்மா, எதுக்கு?"

"சிவப்புத் துணி. இருக்கணும் சார்."

அவள் என்ன கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்திருக்காது. மரக்காரிக்குப் புரிந்தது. ஆடு எதையும் தின்னும், கேட்டில் தொங்கும் துணியையும் இழுத்துத் தின்னும். தின்றிருந்தால் அக்கா கட்டியதும் உண்மை, தங்கை பார்த்தபோது இல்லாததும் உண்மை. பட்டியிலிருந்து ஒன்று எப்படியோ வெளியே வந்து தின்றுவிட்டுத் திரும்பியது என்றுகூட நம்ப இருவரும் தயாராக இருந்தார்கள். மரக்காரி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். இருவரும் ஒரே விஷயத்துக்காக அந்த வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புல்லும் கொய்யா இலையும் இருந்தன.

"மத்ததையும் அறுங்க சார்."

டாக்டர் இன்னொன்றை அறுத்தார், அவளுக்காக. அப்புறம் போதும் என்று சொல்லி, கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டி ரோட்டில் ஏறியதும் அவள் சமையலறைக்குப் போய் அரிவாளை எடுத்துவந்தாள். மீதி நான்கையும் அவளே அறுத்தாள், முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். மகாராணியைக் கடைசியாக வைத்திருந்தாள். அதில் குட்டிகள் இரண்டு இருந்தன. துணி இல்லை.

மரக்காரி கொஞ்ச தூரத்தில் மண்வெட்டியால் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். ஆறாவது வயிறும் பார்த்து முடிந்தபோது அவள் வெட்டுவதை நிறுத்தினாள். குழி மூடியபிறகு ஆட்டுக்காரி கையைக் கழுவினாள், மாற்றுத்துணிகளை மூட்டை கட்டினாள். பொழுது சாய்வதற்குள் கால் பிசகிய குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

6

ஆக, துணியை யார் அவிழ்த்தது? எழுத்தாளன் கையில் சில வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் முயன்று பார்த்தேன்.

காற்று. ஆனால் காற்று இல்லாததால்தானே அவள் மருந்தே அடித்தாள். நாலாம் பகுதியில் நானே எழுதிவைத்துத் தொலைத்திருக்கிறேன்.

காக்கை. கூடு கட்ட எடுத்துப்போனது. இரண்டு முடிச்சை அவிழ்க்கிற காக்கை என்றால் அதை வைத்து வேறு கதை எழுதலாம்.

யாரோ வழிப்போக்கன். வேலி தாண்டி வீட்டுக்குள் வந்து, ஒரு கொய்யாவைக்கூடத் தொடாமல், கந்தல் துணியை மட்டும் எடுத்துப் போனான். எந்தக் கோர்ட்டில் நம்புவார்கள்?

மரக்காரி உண்மையிலேயே கட்டவில்லை. கட்டியதாக நினைத்துக்கொண்டாள். இதை ஆட்டுக்காரி நம்புகிறாள். அப்படியானால் அக்கா தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தங்கை மேல் பழி போடுகிறாள்.

ஆட்டுக்காரி உண்மையிலேயே அவிழ்த்தாள், சொன்னபடி. பழைய துணி என்று நினைத்து, கோபத்தில். இதை மரக்காரி நம்புகிறாள். அப்படியானால் தங்கை தன் ஆடுகளைத் தானே கொன்றுவிட்டு, நாடகத்துக்காக ஆறு வயிற்றுக்குள் கையை விட்டாள்.

இந்த இரண்டையும்தான் ஆளுக்கொன்றாக இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் நான் கதையில் வைத்துப் பார்த்தேன். கதைக்கு இரண்டுமே நன்றாகப் பொருந்துகின்றன. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

7

வந்துபோனவனை எத்தனை நேரம்தான் மூலையில் நிற்க வைப்பது?

முதல் வரைவில் அவனைப் பற்றி இப்படி எழுதியிருந்தேன்: "சின்ன வயதிலேயே வெளியூர் போய்விட்ட அவனுக்கு அந்த வீட்டு வழக்கமெல்லாம் தெரியாது."

(பொய். அவனுக்கு எட்டு வயதில் அந்தத் துணியை அவிழ்த்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஓடியதற்காக அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறான். எந்தக் கன்னம் என்றுகூட நினைவிருக்கிறது. இடது.)

இரண்டாவது வரைவு: "போன மாதம் அவிழ்க்க மறந்த துணிதான் இன்னும் தொங்குகிறது என்று நினைத்தான்."

(நினைத்தானா? அல்லது அப்புறம் நினைத்துக்கொண்டானா? அன்று காலை அக்கா தலை ஈரமாக நின்றாள், டேங்க் கவிழ்த்துக் காய வைக்கப்பட்டிருந்தது, அதிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் இதையெல்லாம் பார்த்தான். பார்க்கிறதுதான் அவன் பிழைப்பு.)

மூன்றாவது வரைவை "அவன்" போட்டு எழுத முடியவில்லை. கொய்யாக் கூடையை வண்டியின் பின் சீட்டில் வைத்தேன். ஆடியது. பெரியக்கா, "இரு, கயிறு எடுத்துட்டு வரேன்" என்று கொட்டகைக்குள் போனாள். வண்டி கீழ்க் கேட்டை ஒட்டி நிழலில் நின்றிருந்தது. பத்து மணிக்கு எனக்கு ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது நினைவில்லை. கை எட்டும் தூரத்தில் துணி தொங்கியது. இரண்டு முடிச்சு. அவிழ்த்தேன், கூடையைக் கட்டினேன், "வரேன்க்கா" என்று கத்திவிட்டுக் கிளம்பினேன். கண்ணாடியில் பார்த்தபோது அவள் கையில் கயிற்றோடு கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் சின்னக்கா பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தாள். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"நீதான்டா கடைசியா அந்த வழியா போன. நீ போறப்போ கேட்ல துணி இருந்துச்சா? எனக்காகச் சொல்ல வேணாம், உண்மையச் சொல்லு."

கூடை என் சமையலறைத் தரையில் இருந்தது. துணி அதன் கைப்பிடியில் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"கவனிக்கலக்கா."

மறுநாள் பெரியக்கா போன் செய்தாள். முதலில், "கூடை விழாம போய்ச் சேர்ந்துச்சா?" என்று கேட்டாள். அப்புறம்தான் துணியைப் பற்றி. அவளுக்கும் அதே பதிலைச் சொன்னேன்.

துணியை அவிழ்த்தது அவசரம், முட்டாள்தனம். அதற்கு ஒரு நாள் திட்டு வாங்கி, காலில் விழுந்து, ஆடு வாங்கிக் கொடுத்து எப்படியாவது ஈடுகட்டியிருக்கலாம். அந்த ஒற்றைச் சொல்லை எதைக் கொண்டு ஈடுகட்டுவது? ஒருத்தியைப் பொய்க்காரியாக்கி, இன்னொருத்தியைக் கொலைகாரியாக்கி, நடுவில் நான் நல்ல தம்பியாக உட்கார்ந்திருந்தேன். இருவருமே என்னிடம்தான் அழுதார்கள்.

8

சின்னக்கா இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு கோழிப்பண்ணையில் இருக்கிறாள். எட்டாயிரம் கோழி. கொட்டகையின் கோடியில் அவளுக்கு ஓர் அறை, கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். ஒரு தடவை போய்ப் பார்த்தேன்.

"குட்டி எங்கக்கா?"

"கொடுத்துட்டேன். இங்க வேற பிராணி வச்சிக்கக் கூடாதாம், கோழிக்குச் சீக்கு வருமாம்."

"யாருகிட்ட?"

"கேக்காத."

அவள் கோழிகளின் மூஞ்சியைப் பார்ப்பதில்லை என்பதைக் கவனித்தேன். (இதைக் கவனித்தேன் பாருங்கள்.) நான் எழுதியது வந்த பத்திரிகைகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருந்தாள்.

போன மாதம் வீட்டுக்குப் போனேன். துணி என் சட்டைப் பையில் இருந்தது. அதைக் கேட்டில் கட்டிவிட்டு, பெரியக்காவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது என் திட்டம். ஒரு கதைக்கு எவ்வளவு அழகான முடிவு. ஆனால் போய்ப் பார்த்தால் கேட் முழுக்கச் சிவப்புப் பெயின்ட். கம்பி, தாழ்ப்பாள், கீல் எல்லாம் சிவப்பு.

"என்னக்கா இது?"

"இனிமே யாரும் அவுக்க முடியாதுல்ல?" என்றாள் அவள். மருந்து அடிப்பதையே விட்டுவிட்டாள். பை மாட்டுவதையும் விட்டுவிட்டாள். மரத்தடியில் புழு வைத்த காய்கள் உதிர்ந்து, தின்ன ஆடில்லாமல் அழுகிக் கிடந்தன. புல் இடுப்பளவு.

"அவ நல்லா இருக்காளா?"

"இருக்கா."

"எடுத்தது யாரா இருந்தாலும், அன்னைக்கே எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன தூக்குலயா போட்டிருப்பேன்? ஒரு நாள் கத்தியிருப்பேன். மறுநாள் சோறு போட்டிருப்பேன்."

அவள் மரத்தோடு பேசுகிறாளா மனிதரோடா என்று எனக்குத் தெரியவில்லை. நான் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது நல்ல காயாகத் தேடித் தேடி ஒரு கூடை பறித்துக் கொடுத்தாள். நான் வண்டியில் ஏறுவதற்கு முன்பே கயிற்றைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். புதுக் கயிறு.

"இந்தா. போன தடவை நீ நிக்காம போயிட்ட. கயிறு என் கையிலயே இருந்துச்சு."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கூடையைக் கட்டினேன். முடிச்சுப் போட வரவில்லை. அவளே என் கையைத் தள்ளிவிட்டு இரண்டு முடிச்சுப் போட்டாள்.

9

அவளுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் எப்போதிலிருந்து? கண்ணாடியில் நான் பார்த்த அந்த நிமிடத்திலிருந்தா? தெரிந்தே தங்கை மேல் பழியைப் போட்டாளா, தம்பியைக் காப்பாற்ற? அல்லது அந்தக் கயிறு வெறும் கயிறுதானா? இதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குத் துணிச்சல் இல்லை.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சின்னக்கா ஓர் ஆட்டுக்குட்டியோடு சிவப்புக் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறாள். மரக்காரி மேலேயிருந்து, "வந்துட்டியாடி" என்கிறாள். அழகாக இருக்கிறது, நம்ப முடியவில்லை. இன்னொன்றில் ஒருத்தி சாகிறாள், மற்றவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதை நம்ப முடிகிறது, அதனாலேயே கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் தம்பி துணியை எரிக்கிறான். அது முடிவில்லை, தடயத்தை அழிக்கிற வேலை.

போன் செய்து சொல்லித் தொலைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பதினொரு முறை செய்திருக்கிறேன். "சாப்டியாடா?" என்கிறாள். பின்னால் எட்டாயிரம் கோழி கத்துகிறது. "சாப்டேன்க்கா" என்கிறேன். அதோடு முடிந்துவிடுகிறது. நான் கோழை. கோழைக்கு எழுதத்தான் வரும்.

இது அச்சில் வந்தால் சின்னக்கா வாங்குவாள். பஸ் ஸ்டாண்ட் கடையில் நின்றுகொண்டே திறப்பாள். எங்கே திறப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் மற்றவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், உங்களுக்கான கதை முடிந்துவிட்டது. கீழே இருப்பது கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறவளுக்கு.

சின்னக்கா, துணியை அவிழ்த்தது நான். கூடை கட்ட. பெரியக்கா கட்டித்தான் இருந்தாள், ரெண்டு முடிச்சு. நீ வந்தப்போ அது இல்லைதான். நீங்க ரெண்டு பேருமே பொய் சொல்லல. நான்தான் சொன்னேன், நீ போன் பண்ணப்போ, அதைப் பாத்துக்கிட்டே. ஆறு வயித்துலயும் நீ தேடினது என் மேசையில இருக்கு. இனிமே முதல் பக்கத்துலருந்து படிக்கிறதும், கிழிச்சுப் போடுறதும் உன் இஷ்டம். வீட்டுக் கேட்டுக்குப் பூட்டு இல்லை.